நாலு வரி வாசிப்பதற்குள் மனசு எங்கோ போய்விடும் பிள்ளையை எப்படி வாசிக்க வைப்பது?

ஓர் அம்மா கேட்டிருந்த கேள்வி இது. மகனுக்கு எட்டு வயது, ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு) என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். புத்தகத்தைத் திறந்தால் நாலாவது வரியில் கால் ஆட ஆரம்பிக்கிறது, அடுத்த பத்தியில் ஆளே எழுந்து போய்விடுகிறான், வாசித்தது என்ன என்று கேட்டால் முழிக்கிறான். 'உட்கார்ந்து படி' என்பதைத் தவிர வேறு வழிகள் உண்டா? கலர் பிளாஸ்டிக் தாள், எழுத்தைத் தடிமனாக்கிக் காட்டும் ஆப் இதெல்லாம் வாங்கலாமா?

வழிகள் நிறைய உண்டு. வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகளோடு வேலை செய்கிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், வாங்குவதைப் பற்றிக் கடைசியில் பார்க்கலாம். ஆனால் வழியைத் தேடுவதற்கு முன்னால் அவன் எந்த இடத்தில் விடுபட்டுப் போகிறான் என்று கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு உள்ளே நடப்பது வேறுவேறாக இருக்கும். ஒருவன் எழுத்துக்கூட்டுவதிலேயே இருக்கிற சக்தியெல்லாம் செலவாகி, நாலு வரியில் களைத்து எழுந்துவிடுகிறான். இன்னொருவன் சரளமாக வாசிக்கிறான், வாய் ஓடுகிறது, கண்ணும் ஓடுகிறது, மனசு மட்டும் கூட வரவில்லை. முதல் பிள்ளைக்கு நீங்கள் கவனப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருந்தால் வருடம்தான் போகும்.

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்யலாம். அவன் பாடப்புத்தகத்து அளவில், இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். இன்னொரு நாள் அதே மாதிரி வேறொரு பக்கத்தை அவனையே சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். காதால் கேட்டால் நன்றாகப் பதில் வருகிறது, தானே வாசித்தால் வரவில்லை, வாசிக்கும்போதே திக்குகிறான், சொல்லை ஊகித்து ஒப்பேற்றுகிறான் என்றால் எழுத்து வாசிப்பில் பிரச்சினை இருக்க வாய்ப்பு அதிகம். அதை உறுதி செய்ய, கதையிலிருந்து பிரித்துத் தனித்தனிச் சொற்களாக எழுதிக் காட்டுங்கள். கதை இருக்கும்போது ஊகித்துத் தப்பித்துக்கொள்ளலாம், தனிச் சொல்லில் அது முடியாது. தானே சரளமாக வாசித்தும் ஒன்றும் தங்கவில்லை, ஆனால் கேட்டால் புரிகிறது என்றால் கவனம்தான். கேட்டாலும் புரியவில்லை என்றால் கவனமாகவும் இருக்கலாம், சொல்வளம் போதாததாகவும் இருக்கலாம், காது கேட்பதில் குறையாகக்கூட இருக்கலாம்.

காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-ல் இதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தை வாசிக்கும் திறன் பெருக்கல் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன், இரண்டும் சேர்ந்ததுதான் வாசிப்பு. ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். ஏடிஎச்டி இருக்கும் பிள்ளைகளில் நாலில் ஒருவருக்காவது வாசிப்புக் குறைபாடும் கூடவே இருக்கிறது என்பதால் இந்தச் சோதனையைத் தாண்டிப் போகாதீர்கள். 2017-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் இரண்டும் சேர்ந்திருக்கும் பிள்ளைகளைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஏடிஎச்டி சிகிச்சை மட்டும், ஒரு பகுதியினருக்கு வாசிப்புப் பயிற்சி மட்டும், மூன்றாவது பகுதியினருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ஏடிஎச்டி சிகிச்சை ஏடிஎச்டி அறிகுறிகளைக் குறைத்தது, வாசிப்புப் பயிற்சி வாசிப்பை முன்னேற்றியது, ஒன்று மற்றதன் வேலையைச் செய்யவில்லை. மாத்திரை பிள்ளையை உட்கார வைக்கும், எழுத்தைச் சொல்லித்தராது. அப்புறம் கண், காது, தூக்கம் இந்த மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், சாதாரணக் கண்ணாடியில் தீர வேண்டிய விஷயம் பல மாதம் 'கவனமில்லை' என்று திட்டு வாங்கிக்கொண்டிருப்பது நடக்கிறதுதான்.

சரி, எழுத்து ஓரளவு வருகிறது, கவனம்தான் நழுவுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாக்கியத்தின் தொடக்கத்தை முடிவு வரைக்கும் மனதில் தாங்கிப் பிடித்திருந்தால்தான் அந்த வாக்கியம் புரியும், பத்தியும் அப்படியே. இந்தத் தாங்கிப் பிடிக்கும் செயல்நினைவு ஏடிஎச்டி பிள்ளைகள் பலருக்குக் குறைவு. மனசு அலைவது எல்லோருக்கும் உண்டு, வாசித்துக்கொண்டே இருக்கும்போது கண் மட்டும் ஓடுவது பெரியவர்களிடமும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. நாம் போனதைக் கவனித்துத் திரும்பி வந்து விட்ட வரியைப் பிடித்துக்கொள்கிறோம். இந்தப் பிள்ளைகள் போனதையே கவனிப்பதில்லை, கவனித்தாலும் விட்ட இடம் தெரியாது, தேடி எடுக்கப் பொறுமையும் இருக்காது. அதனால் கீழே சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே யோசனைதான்: சில வரிகளுக்கு ஒருமுறை அவன் ஏதாவது செய்தாக வேண்டிய மாதிரி வாசிப்பை மாற்றுவது. சும்மா வாசித்துக்கொண்டே போகிற நீளம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு குறைவாகத்தான் நழுவுவான்.

ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் ஜோடி வாசிப்பைச் செய்யுங்கள். 1970-களில் இங்கிலாந்தில் ரோஜர் மார்கன் தொடங்கி, பின்னால் கீத் டாப்பிங் பரப்பிய முறை இது, பெற்றோர் செய்வதற்கென்றே அமைத்தது. புத்தகத்தை அவன் தேர்ந்தெடுக்கிறான். இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே நேரத்தில், ஒரே குரலாக, சத்தமாக வாசிக்கிறீர்கள், அவன் வேகத்தில். தனியாக வாசிக்கலாம் என்று தோன்றும்போது அவன் மேசையில் ஒரு தட்டு தட்டுகிறான், உடனே நீங்கள் நிறுத்திவிட வேண்டும். தனியாக வாசிக்கும்போது தடுமாறினால் நாலைந்து விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, நீங்களே அந்தச் சொல்லைச் சொல்லுங்கள், அவன் திருப்பிச் சொல்லட்டும், மறுபடி இருவரும் சேர்ந்து வாசித்துப் போங்கள், அடுத்த தட்டு வரும் வரைக்கும். பத்துப் பதினைந்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் போதும்.

இது எதனால் வேலை செய்கிறது என்றால், கூட ஓடும் குரல் அவனை இழுத்துக்கொண்டே போகிறது. மனசு நழுவினால் குரல் நழுவும், அது இருவருக்கும் உடனே தெரிந்துவிடும், அடுத்த சொல்லிலேயே ஏறிக்கொள்ளலாம், விட்ட இடத்தைத் தேடும் வேலையே இல்லை. தட்டுகிற உரிமை அவன் கையில் இருப்பதும் முக்கியம், தட்டுவதற்காகவே கவனித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. இதைக் கெடுப்பது பெரும்பாலும் பெரியவர்கள்தான். அவனை விட்டு முன்னால் ஓடுவது, "நேற்றுதானே இந்தச் சொல்லைப் படித்தாய், மறந்துட்டியா?" என்று நடுவில் பாடம் எடுப்பது, எழுத்துக்கூட்டச் சொல்லி நிறுத்துவது. எழுத்துக்கூட்டும் பயிற்சிக்கு வேறு நேரம் வையுங்கள், இந்தப் பதினைந்து நிமிடத்தில் வாசிப்பு நிற்காமல் ஓட வேண்டும்.

சிலர் 'நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்' என்று மாற்றி மாற்றி வாசிப்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அது சரிப்படாது, உங்கள் முறை வரும்போது அவன் நிம்மதியாகப் பராக்கு பார்ப்பான். வாக்கியத்துக்கு வாக்கியம் மாற்றுங்கள். அதைவிட எனக்குப் பிடித்தது பிழை பிடிக்கும் விளையாட்டு: நீங்கள் வாசிக்க அவன் விரலால் தொடர்ந்து வர வேண்டும், நடுநடுவே வேண்டுமென்றே ஒரு சொல்லைத் தப்பாக வாசியுங்கள், 'குதிரை' என்று இருந்தால் 'குருவி' என்று சொல்லுங்கள், பிடித்தால் அவனுக்கு ஒரு புள்ளி. அப்பா அம்மாவின் தப்பைப் பிடிப்பதில் இருக்கும் சந்தோஷத்துக்காக ஒரு பக்கம் முழுக்க எழுத்தின் மேல் கண் வைத்திருப்பான். முதலில் பளிச்சென்று தெரியும் பிழைகள், போகப் போக நுணுக்கமானவை, 'வந்தான்' என்பதை 'வந்தாள்' என்பது மாதிரி.

அடுத்தது பக்கத்தைச் சின்னதாக்குவது. முழுப் பக்கமும் கண்ணுக்கு முன்னால் இருந்தாலே சிலருக்கு மலைப்பு வந்துவிடும். ஓர் அட்டையில் இரண்டு வரி தெரிகிற அளவுக்குச் சன்னல் வெட்டி நகர்த்திக்கொண்டே வாசிக்கலாம், அல்லது வாசித்து முடித்த வரிகளை மேலிருந்து ஒரு தாளால் மூடிக்கொண்டே வரலாம். எனக்கு இரண்டாவது மேல், ஏனென்றால் அடுத்து வரும் வரியைக் கண் கொஞ்சம் முன்கூட்டியே பார்க்க வேண்டும். பாடத்தை நகலெடுத்துப் பத்தி பத்தியாக வெட்டிச் சுவரில் ஒட்டி, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததுக்கு நடந்து போய் வாசிக்கிற மாதிரியும் செய்யலாம். தமிழில் வாசிக்கும்போது இன்னொரு சிக்கல் உண்டு, சொற்கள் புணர்ந்து நீண்டு கிடக்கும். 'போய்விட்டதென்றறிந்ததும்' என்று ஒரே மூச்சில் நிற்பதைப் பார்த்தால் பிள்ளை அங்கேயே கழன்றுவிடும். வாசிக்கத் தருவதற்கு முன் பென்சிலால் போய்/விட்டது/என்று/அறிந்ததும் என்கிற மாதிரி கோடு போட்டுக் கொடுங்கள், நீண்ட வாக்கியத்தையும் அப்படியே மூச்சு விடும் இடங்களில் பிரித்துக் கொடுங்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டுவதும் உதவலாம். இத்தாலி, பிரான்ஸ் நாட்டில் டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளிடம் செய்து 2012-ல் வெளியான ஆய்வில் இடைவெளி கூடியதும் வேகமும் சரியாக வாசிப்பதும் கூடின. கணினியில் அச்செடுத்தால் இதற்குச் செலவே இல்லை.

மூன்றாவது, நின்று சொல்வது. ஒவ்வொரு பத்தி முடிவிலும் ஒரு ஸ்டிக்கி நோட்டு ஒட்டிவிடுங்கள், அங்கே வந்ததும் புத்தகத்தைத் திருப்பி வைத்துவிட்டு 'இதில் என்ன நடந்தது' என்று தன் சொல்லில் ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். வாசி, கேட்டுக்கொள், உன் சொல்லில் சொல் என்று 1984-லிருந்தே கற்றல் குறைபாடு உள்ள மாணவர்களுக்குச் சொல்லித்தரும் உத்தி இது, இன்றைக்கும் நிற்கிறது. சொல்ல அலுத்துக்கொள்ளும் பிள்ளை வரையட்டும், குச்சி மனிதன் போதும், ஓவியப் போட்டி இல்லை. சொல்ல முடியவில்லை என்றால் அந்தப் பத்தியை மட்டும் மறுபடி வாசித்தால் போதும், ஐந்து பக்கம் முடிந்தபின் கண்டுபிடித்து முதலிலிருந்து வாசிக்கச் சொல்வதுதான் வாசிப்பை வெறுக்க வைக்கிறது. கேள்வியை முன்னாலேயே கொடுப்பதும் நல்லது, 'நரி ஏன் திரும்பிப் போனது என்று கண்டுபிடி' என்று சொல்லிவிட்டு வாசிக்க விட்டால் தேடுகிற வேலை கிடைத்துவிடுகிறது. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல், ஊகிப்பது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்குவது, சுருக்கிச் சொல்வது என்று நாலு வேலையை மாற்றி மாற்றிச் செய்யும் முறை ஒன்று இருக்கிறது, பலின்சாரும் பிரவுனும் 1984-ல் எழுதியது. நாலையும் ஒரே நாளில் தலையில் ஏற்றாதீர்கள்.

உட்கார வேண்டும் என்பதைப் பற்றி. வேண்டாம். நின்றுகொண்டு, குப்புறப் படுத்துக்கொண்டு, அறைக்குள் நடந்துகொண்டு வாசிக்கலாம். 2015-ல் எட்டு முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில், ஏடிஎச்டி உள்ளவர்கள் அதிகம் அசைந்தபோது செயல்நினைவு வேலைகளை நன்றாகச் செய்தார்கள், ஏடிஎச்டி இல்லாத சிறுவர்களுக்கு அது நேர்மாறாக இருந்தது. ஆகவே அக்காவுக்கு 'ஆடாமல் உட்கார்' என்பது சரியான அறிவுரையாகவும் தம்பிக்கு அதுவே தப்பாகவும் இருக்கலாம். ஒரு வரம்பு மட்டும்: கையில் வைத்திருக்கும் பொருள் கண்ணை இழுக்கக் கூடாது. பிசைகிற பந்து சரி, சுற்றி மின்னுகிற பொம்மை வேண்டாம்.

சத்தமும் அதே கதைதான். ஒரே சீரான இரைச்சல், மின்விசிறி மாதிரி அல்லது மழைச் சத்தம் மாதிரி, கவனக்குறைவு உள்ள பிள்ளைகளுக்குக் கொஞ்சம் உதவுவதாகவும் மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருப்பதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. பலன் பெரிது இல்லை, முயன்று பாருங்கள், சத்தத்தைக் குறைவாக வையுங்கள். பாட்டு வேண்டாம், வரிகள் உள்ள பாட்டு வாசிப்போடு போட்டி போடும்.

ஆடியோ புத்தகம் கேட்பது ஏமாற்று வேலை என்று நினைக்கிற பெற்றோர் நிறைய. என் கருத்து வேறு. எழுத்தில் தடுமாறும் பிள்ளையின் அறிவும் சொல்வளமும் எழுத்து வேகத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, அது காது வழியாக வளரட்டும். ஆனால் கேட்பதை வாசிப்புப் பயிற்சியாகவும் ஆக்க வேண்டுமென்றால் அச்சுப் புத்தகம் கையில் இருக்க வேண்டும், விரல் கூடவே ஓட வேண்டும், வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். விரல் நின்றுவிட்டால் அவன் கதை கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம், அதுவும் நல்ல விஷயம்தான், ஆனால் வாசிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் சரளம் வரும் என்பது 1979-ல் சாமுவேல்ஸ் எழுதியதிலிருந்து நன்றாக நிலைத்துவிட்ட விஷயம், ஆனால் இந்தப் பிள்ளைகளிடம் 'இன்னொரு முறை வாசி' என்றால் வீட்டில் போர்தான். திரும்ப வாசிப்பதற்கு ஒரு காரணம் கொடுங்கள். தாத்தாவிடம் சொல்லிக்காட்ட ஒரு ஜோக், போனில் குரல் மாற்றிப் பதிவு செய்ய ஒரு சின்ன நாடக வசனம், தம்பிக்கு வாசித்துக் காட்ட ஒரு படக்கதை. ஒத்திகை என்றால் அலுக்காமல் நாலு முறை வாசிப்பான்.

எதை வாசிப்பது என்பதில் கௌரவம் பார்க்காதீர்கள். காமிக்ஸ், விடுகதை, விளையாட்டு விதிமுறை, பொம்மையைப் பூட்டுகிற குறிப்புத்தாள், டைனோசர் தகவல்கள், எல்லாம் வாசிப்புதான். 'டைனோசர் என்றால் ஒரு மணி நேரம் உட்காருகிறான், பாடம் என்றால் மட்டும் நடிக்கிறான்' என்று அடிக்கடி கேட்கிறேன். நடிப்பில்லை. பிடித்ததில் கவனம் தானாக ஒட்டிக்கொள்வதும், பிடிக்காததில் முயன்றாலும் ஒட்டாததும் ஏடிஎச்டியின் இயல்பு. அந்த டைனோசரை வைத்தே மேலே சொன்ன எல்லாவற்றையும் பழக்கிவிட்டுப் பாடத்துக்கு வாருங்கள்.

நேரத்தைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மருந்தில் குறுகிய நேரம் வேலை செய்யும் மாத்திரையின் விளைவு ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் அடங்கிவிடும். காலையில் போட்ட மாத்திரை சாயங்காலம் வீட்டுப்பாடத்துக்கு உட்காரும்போது இருக்காது, நாம் பார்ப்பது அவனுடைய மிக மோசமான நேரத்தை. விடுமுறை நாளில் வாசிப்பைக் காலைக்கு மாற்றிப் பாருங்கள், பள்ளி நாட்களைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், அளவையோ நேரத்தையோ நீங்களாக மாற்ற வேண்டாம். ஜோடி வாசிப்பைத் தவிர மற்றதெல்லாம் ஒரு தடவைக்கு ஐந்து முதல் எட்டு நிமிடம், டைமர் அவன் கையில், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நிறுத்துவது. பாராட்டோ புள்ளியோ அப்போதே வர வேண்டும், மாதக் கடைசியில் சைக்கிள் என்பது இந்தப் பிள்ளைகளுக்கு வெகு தூரம். ஒரு சின்ன உபாயம்: மனசு எங்கோ போய்விட்டு வந்ததைத் தானே கவனித்தால் ஓரத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள், அந்தப் புள்ளிக்குப் பாராட்டுங்கள். போனதற்குத் திட்டினால் மறைக்கத்தான் கற்றுக்கொள்வான், திரும்பி வந்ததற்குப் பாராட்டினால் சீக்கிரம் திரும்பி வரக் கற்றுக்கொள்வான்.

இனி வாங்குகிற விஷயம். கலர் பிளாஸ்டிக் தாள், கலர் கண்ணாடி வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் கண் மருத்துவச் சங்கங்களோடு சேர்ந்து 2009-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே இவற்றுக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. சொல்லின் முதல் பாதியைத் தடிமனாக்கிக் காட்டும் முறை 2022-ல் பரபரப்பாகப் பரவியது, சோதித்துப் பார்த்தவர்களுக்கு வேகம் கூடியதாகத் தெரியவில்லை. இலவசமாகக் கிடைத்து அவனுக்குப் பிடித்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், காசு கொடுக்காதீர்கள். வேக வாசிப்பு வகுப்பு பக்கமே போக வேண்டாம், அங்கே உதடு அசைவதையும் விரல் வைப்பதையும் நிறுத்தச் சொல்வார்கள், இவனுக்கு இரண்டும் ஊன்றுகோல். முணுமுணுத்து வாசிக்கட்டும். 'உங்கள் பிள்ளை பார்வை வழி கற்பவன்' என்று சோதனை போட்டு வகை பிரித்துப் பணம் கேட்பவர்களையும் நம்ப வேண்டாம், அப்படி வகைக்கேற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2008-லேயே ஒரு விரிவான மதிப்பாய்வு சொன்னது. ஸ்க்ரீனா காகிதமா என்றால், 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2018-ல் வந்த கட்டுரையில் காகிதத்துக்குச் சிறிய அளவில் மேன்மை தெரிந்தது. டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்க முடியும் என்பது உண்மை, அதில் விளையாட்டும் இருக்கிறது என்பதும் உண்மை.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். ஒன்றை எடுத்து இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்து பாருங்கள். எத்தனை பக்கம் என்று எண்ண வேண்டாம், வாசித்ததை எவ்வளவு தெளிவாகத் திருப்பிச் சொல்கிறான் என்று குறித்து வையுங்கள். டீச்சரிடமும் பேசுங்கள், வகுப்பில் எல்லோர் முன்னும் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம், முந்தின நாளே எந்தப் பத்தி என்று சொல்லி அனுப்பினால் வீட்டில் ஒத்திகை பார்த்து அனுப்புகிறோம் என்று கேளுங்கள். பெரும்பாலானோர் ஒத்துக்கொள்வார்கள்.

உங்கள் பையனுக்கு என்று கேட்டால், இந்த வாரம் அந்தக் கேட்டல்–வாசித்தல் சோதனையும் தனிச் சொற்களும். தனிச் சொற்களில் வகுப்புப் பிள்ளைகளைவிட மிகவும் பின்தங்கியிருந்தால் வாசிப்புக் குறைபாட்டு மதிப்பீட்டுக்கு உடனே கேளுங்கள், 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் காத்திருக்காதீர்கள். அதில் தேறிவிட்டால் அடுத்த திங்களிலிருந்து ஜோடி வாசிப்பு, நடுவில் ஒருநாள் பிழை பிடிக்கும் விளையாட்டு. சோதனையில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள், அதை வைத்து மேலே சொல்கிறேன்.